வரைந்து வைத்த காடு

நியூயார்க்கிலிருந்து வடக்கே போகும் ரயிலில் இடது பக்க ஜன்னலைப் பிடித்துவிட வேண்டும். வலது பக்கம் கிடைத்தால் வழி நெடுகப் பாறைச் சரிவும் ஸ்டேஷன் சுவரும்தான். இடது பக்கம் ஹட்சன் ஆறு. நகரத்தின் பின்புறங்களைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் தண்டவாளத்தை ஒட்டி வந்துவிடுகிறது. எதிர்க்கரையில் பாலிசேட்ஸ் என்னும் நெட்டுக்குத்தான பாறைச் சுவர் மைல் கணக்கில் கூடவே வருகிறது. ஆறு என்று பெயர்தானே தவிர, கடலின் ஏற்றவற்றம் 150 மைல் உள்ளே, ட்ராய் நகரம் வரைக்கும் இதில் தெரியும். நான் போனபோது தண்ணீர் வடக்குப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

அமெரிக்கக் கலையில் ரொமான்டிசிசம் என்று எதைச் சொல்கிறார்களோ அதில் பெரும்பங்கு இந்த ஆற்றின் இரு கரைகளிலும் நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் ஐரோப்பாவில் கிளம்பிய அலை அது. எல்லாவற்றையும் அளந்து தர்க்கத்தில் அடக்குவது அலுத்துப்போய், புயல், மலை, நிலா, இடிந்த மடாலயம், தனிமை என்று மனம் திரும்பிய காலம். அந்த அலை அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தபோது ஒரு சிக்கல். இடிந்த மடாலயத்துக்கு எங்கே போவது? நாடு பிறந்தே ஐம்பது வருஷம் ஆகவில்லை. பழம்பெருமை பேசக் கோட்டை கிடையாது, கொத்தளம் கிடையாது. இருந்தது காடும் மலையும்தான். சரி, அதுதான் எங்கள் பழமை என்று சொல்லிவிட்டார்கள். கதை எழுதினார்கள், படம் வரைந்தார்கள், தோட்டம் போட்டார்கள். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் அந்தக் காட்டை ஏக்கர் ஏக்கராக வெட்டிக்கொண்டும் இருந்தார்கள்.

அவர்கள் காட்டிய காட்டில் எவ்வளவு நிஜம், எவ்வளவு ஜோடனை என்று பார்க்கத்தான் கிளம்பினேன். பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்: ஜோடனைதான் அதிகம். ஆனால் அந்த ஜோடனை இல்லாமல் போயிருந்தால் இன்று மிச்சம் இருக்கிற நிஜமும் இருந்திருக்காது.

முதலில் டாரிடவுன். அங்கே இறங்கினால் சன்னிசைட் பக்கம்தான். வாஷிங்டன் இர்விங்கின் வீடு. 1835இல் அவர் வாங்கியபோது அது ஒரு சின்ன டச்சுக் குடியானவர் வீடு. பக்கத்தில் குடியிருந்த ஜார்ஜ் ஹார்வி என்ற ஓவியரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, படிப்படியாக ஏறி இறங்கும் டச்சு முகப்பு, கூரைமேல் காற்றுத் திசைகாட்டிகள், கதவைச் சுற்றிக் கொடி என்று சேர்த்துக்கொண்டே போனார். 1847இல் ஒரு கோபுரம் வேறு. அதற்குப் பகோடா என்று பெயர். மொத்தத்தில், புதிதாகக் கட்டிப் பழசாக்கிய வீடு. உள்ளே அறைகள் குறுகலாக, மனுஷர் புழங்கிய அளவில் இருக்கின்றன. அந்தக் காலத்து அமெரிக்காவின் ஆகப் பெரிய எழுத்தாளர் இவ்வளவு சின்ன மேஜையிலா எழுதினார் என்று தோன்றுகிறது. தோட்டமும் அவர் கைவண்ணம்தான். வளைந்து வளைந்து போகும் நடைபாதை, திருப்பத்தில் திடீரென்று தெரியும் ஆறு. 1849 வாக்கில் ரயில் பாதை அவருடைய தோட்டத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே வந்து விழுந்தது. மனுஷர் கொதித்துப்போனார். நான் வந்து இறங்கிய ரயிலும் அதே பாதையில்தான் வந்தது.

இர்விங்கின் 'ரிப் வான் விங்கிள்' கதை 1819இல் வெளிவந்தது. பெண்டாட்டியின் வாய்க்குப் பயந்து கேட்ஸ்கில் மலைக்குள் போகிற சோம்பேறி ஒருவன், அங்கே விசித்திரமான ஆட்கள் கொடுக்கும் மதுவைக் குடித்துவிட்டு இருபது வருஷம் தூங்கிவிடுகிறான். எழுந்து வந்தால் ராஜாவின் ஆட்சி போய்க் குடியரசு வந்திருக்கிறது. கேட்ஸ்கில் மலைக்கு ஒரு புராணத்தைக் கொடுத்த கதை இது. இர்விங் இதை எழுதியது இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் நகரத்தில், தன் அக்கா வீட்டில் இருந்துகொண்டு. கதைக்கரு ஒரு ஜெர்மன் நாட்டார் கதை. கேட்ஸ்கில் மலையில் அதுவரை அவர் காலே வைத்ததில்லை. இளவயதில் ஆற்றில் போகும்போது படகுத் தளத்திலிருந்து பார்த்ததுதான். முதல் தடவை மலை ஏறியது 1832இல். அதற்குள் மலைப்பாதையில், ரிப் தூங்கிய இடம் இதுதான் என்று பயணிகளுக்குக் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள்! தல புராணம் உருவாக நம் ஊரில் நூற்றாண்டுகள் ஆகும். அங்கே பத்துப் பதினைந்து வருஷம் போதுமானதாக இருந்திருக்கிறது.

பக்கத்திலேயே ஸ்லீப்பி ஹாலோ. தலையில்லாக் குதிரைக்காரன் கதை நடந்த ஊர். 1996 வரை அதன் அதிகாரப்பூர்வப் பெயர் வடக்கு டாரிடவுன். அந்த வருஷம் அங்கிருந்த கார் தொழிற்சாலை மூடப்பட்டது. பிழைப்புக்கு வேறு வழி பார்த்த ஊர், இர்விங்கின் கதையில் இருந்த பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது.

மறுபடி ரயில். கோல்டு ஸ்பிரிங் வரும்போது எதிர்க்கரையில் ஸ்டார்ம் கிங் மலை, ஆற்றுக்குள் தலைகுப்புற இறங்குகிற மாதிரி நிற்கிறது. அந்தக் காலத்து ஓவியர்கள் திரும்பத் திரும்ப வரைந்த மலை. 1960களின் தொடக்கத்தில் ஒரு மின்சார நிறுவனம் அதைக் குடைந்து, ஆற்றுத் தண்ணீரை மேலே ஏற்றி இறக்கி மின்சாரம் எடுக்கத் திட்டம் போட்டது. எதிர்த்தவர்கள் 1963இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1965இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், ஓர் இடத்தின் அழகும் வரலாறும் கணக்கில் எடுக்கப்பட வேண்டியவையே, அதற்காக வழக்காடும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. பின்னால் நடந்த விசாரணையில் வின்சென்ட் ஸ்கல்லி என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் வந்து, அந்த மலை எப்படிப்பட்டது என்று சாட்சி சொன்னார். இன்ஜினீயர்களும் மீன்வள நிபுணர்களும் பேசும் விசாரணையில் ஓவியம் படித்தவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருந்தது. 1980இல் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் சட்டப் பாடப்புத்தகங்கள் பல இந்த வழக்கிலிருந்துதான் தொடங்குகின்றன.

கொஞ்சம் மேலே, எதிர்க்கரையில், நியூபர்க். ஆண்ட்ரூ ஜாக்சன் டௌனிங்கின் ஊர். அப்பா நர்சரி வைத்திருந்தவர். மகன் செடி விற்றுக்கொண்டே 1841இல் ஒரு புத்தகம் போட்டார்: வட அமெரிக்காவுக்கு ஏற்றபடி நிலத்தைத் தோட்டமாக்குவது எப்படி என்று. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. நேர்கோட்டுப் பாத்தி, கத்தரித்து வைத்த வேலி எல்லாம் வேண்டாம். நிலம் எப்படி வளைகிறதோ அப்படி வளையுங்கள், வீட்டை வெள்ளை வெளேரென்று அடிக்காமல் மண்ணோடும் மரத்தோடும் சேருகிற நிறத்தில் வையுங்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். இன்றைக்கு அமெரிக்கப் புறநகர் வீடுகளின் முன்னால் இருக்கும் வராந்தாவுக்கும் புல்தரைக்கும் பின்னால் இந்த மனிதர் இருக்கிறார். 1852 ஜூலையில் அவர் ஏறிய 'ஹென்றி கிளே' நீராவிக் கப்பல் இன்னொரு கப்பலோடு பந்தயம் விட்டுத் தீப்பிடித்தது. டௌனிங் செத்துப்போனபோது வயது முப்பத்தாறு. நாவலாசிரியர் ஹாதோர்னின் தங்கையும் அதே கப்பலில் இறந்தார்.

டௌனிங் லண்டனிலிருந்து கூட்டி வந்திருந்த கட்டடக் கலைஞர் கால்வெர்ட் வாக்ஸ். குருநாதர் போன பிறகு, ஓம்ஸ்டெட் என்பவரைச் சேர்த்துக்கொண்டு 1858இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க் போட்டிக்குத் திட்டம் போட்டு ஜெயித்தவர் அவர்தான். சென்ட்ரல் பார்க்கைப் பார்க்கிறவர்கள், நகரம் வளரும்போது ஒரு துண்டுக் காட்டை விட்டுவைத்திருக்கிறார்கள் என்று நினைப்பதுண்டு. ஏரிகள் தோண்டியவை. ஓடைகளுக்குக் குழாய் உண்டு. பாறைகளை வெடிவைத்துத் தகர்த்து, வேண்டியதை வேண்டிய இடத்தில் விட்டார்கள். அந்த நிலத்தின் மேற்குப் பக்கம் செனிகா வில்லேஜ் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. சொந்த நிலம் வைத்திருந்த கறுப்பின மக்கள் நிறையப் பேர், கூடவே ஐரிஷ்காரர்கள், மூன்று தேவாலயங்கள், ஒரு பள்ளிக்கூடம். 1857க்குள் எல்லாரையும் கிளப்பிவிட்டார்கள். இயற்கையை உண்டாக்குவதற்கு ஊரைக் காலி செய்தார்கள் என்பதுதான் விஷயம்.

ஹட்சன் என்ற ஊரில் அக்கா மகன் காரோடு காத்திருந்தான். நியூஜெர்சியில் வேலை பார்க்கிறவன். வார இறுதியில் மாமாவுக்காக ஓவியர் வீடுகளைச் சுற்ற வேண்டியதாயிற்றே என்கிற சலிப்பைக் காட்டிக்கொள்ளாத நல்ல பிள்ளை. நேராக ஒலானாவுக்கு விட்டான்.

ஒலானா, ஃபிரெடரிக் எட்வின் சர்ச் என்ற ஓவியரின் வீடு. அவருடைய காலத்தில் அமெரிக்காவில் அவருக்கு நிகரான புகழ் வேறு ஓவியருக்கு இல்லை. ஈக்வடார் வரை போய்த் திரும்பி 1859இல் அவர் வரைந்த 'ஆண்டிஸின் இதயம்' படம் பத்தடி அகலம், ஐந்தரை அடி உயரம். அதைத் திரைச்சீலை போட்ட ஜன்னல் மாதிரி ஒரு சட்டத்துக்குள் வைத்து, அறையை இருட்டாக்கி, படத்தின்மேல் மட்டும் வெளிச்சம் விழ வைத்து, தலைக்கு 25 சென்ட் வசூலித்துக் காட்டினார்கள். நியூயார்க்கில் மட்டும் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் வரிசையில் நின்று பார்த்தார்கள். நாடகக் கொட்டகைக்குக் கொண்டுபோகும் சின்னப் பைனாகுலரால் படத்தின் ஒவ்வொரு இலையாகப் பார்த்திருக்கிறார்கள். சினிமாவுக்கு முந்தைய சினிமா அது.

1865 மார்ச்சில் அவருடைய இரண்டு சின்னக் குழந்தைகளும் டிஃப்தீரியாவில் சில நாள் இடைவெளியில் இறந்துபோயின. அதன் பிறகு குடும்பம் நெடும்பயணம் கிளம்பியது. பெய்ரூத், டமாஸ்கஸ், ஜெருசலேம். பெட்ரா வரைக்கும் போய் வந்தார். திரும்பி வந்ததும் ஹட்சன் கரைக் குன்றின் உச்சியில் வாக்ஸைக் கூட்டு சேர்த்து ஒரு வீடு கட்டத் தொடங்கினார். டமாஸ்கஸில் பார்த்ததும் புத்தகத்தில் பார்த்த பாரசீகமும் கலந்த வீடு. வெளியிலிருந்து பார்த்தால் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தெரிகிறது. செங்கல்லில் வண்ணக் கோலம், வளைவு வளைவாக ஜன்னல், கூரை ஓரத்தில் பொன்னிறம். உள்ளே போனதும் அந்த எண்ணம் மாறிவிட்டது. ஒரு ஜன்னலில் அரபு நாட்டு மரச் சாளரம் மாதிரி நுணுக்கமான பின்னல் வேலை. தேன் நிற வெளிச்சம் உள்ளே விழுகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் மரமே இல்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே கறுப்புத் தாளைக் கத்தரித்து வைத்திருக்கிறார் மனுஷர்! கத்தரிக்கோல் கொஞ்சம் தடுமாறிய இடம்கூடத் தெரிகிறது. வேறு சில சாமான்கள் அகமதாபாத்தில் செதுக்கிய மரவேலை. சர்ச்சிடம் ஓவியம் பயின்ற லாக்வுட் டி ஃபாரஸ்ட் 1881 வாக்கில் அகமதாபாத்துக்குப் போய், அங்கே ஹத்திசிங் குடும்பத்து வியாபாரி ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து மரச் சிற்பப் பட்டறை நடத்தியவர்.

வீட்டைவிடப் பெரிய வேலை வெளியே இருக்கிறது. 250 ஏக்கர். சர்ச் வாங்கியபோது அது மரம் வெட்டி மொட்டையடித்த பண்ணை நிலம். ஆயிரக்கணக்கில் மரம் நட்டார். சதுப்பாகக் கிடந்த பள்ளத்தைத் தோண்டி ஏரியாக்கினார். அந்த வண்டல் சேறு தோட்டத்துக்கு உரமானது. குதிரை வண்டி போக ஐந்து மைலுக்குச் சாலை போட்டார். அந்தச் சாலையில் நடந்தால்தான் அவர் செய்திருப்பது புரிகிறது. கொஞ்ச தூரம் மரங்கள் நெருங்கி எதையும் காட்டாது. ஒரு வளைவு. சட்டென்று மரங்கள் விலகி, கீழே அவருடைய ஏரி, அதற்கப்பால் அதே போக்கில் வளைந்து விரியும் ஹட்சன் ஆறு, அதற்கும் பின்னால் நீலமாகக் கேட்ஸ்கில் மலை. முன்புலம், நடுப்புலம், பின்புலம். ஓவியத்தில் செய்வதை மண்ணில் செய்திருக்கிறார். முடக்குவாதத்தால் வலது கை மடங்கிப் போய், இடது கையால் வரையப் பழகிய காலத்தில், ஸ்டுடியோவில் வர்ணத்தோடு மல்லுக்கட்டுவதைவிட இப்படி நிலத்தில் செய்வதுதான் நன்றாக வருகிறது என்று நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அவருடைய பெரிய படங்களில் கொஞ்சம் கண்காட்சி வாடை அடிக்கும். ஒலானாவில் அது இல்லை.

இந்தக் காட்சிக்கும் ஸ்டார்ம் கிங் மாதிரி ஒரு சோதனை வந்தது. 1970களில் எதிர்க்கரையில் சிமென்டன் என்ற இடத்தில் அணுமின் நிலையம் கட்டத் திட்டம். குளிரூட்டும் கோபுரம் ஒலானாவின் ஜன்னலுக்கு நேராக வந்து நிற்கும். 1979இல் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் அலுவலர்கள் அனுமதி தர வேண்டாம் என்று பரிந்துரைத்தார்கள். முக்கியக் காரணம், ஒலானாவிலிருந்து பார்த்தால் கண்ணை உறுத்தும் என்பது. திட்டம் நின்றுபோனது. ஓர் ஓவியர் நூறு வருஷத்துக்கு முன்னால் ஜோடித்து வைத்த காட்சி, அணு உலையை நிறுத்தியிருக்கிறது.

ஆற்றைக் கடக்க ரிப் வான் விங்கிள் பாலம். 1935இல் கட்டியது. இப்போது பாலத்தின் ஓரமாக நடைபாதை இருக்கிறது. சர்ச் வீட்டிலிருந்து அவருடைய குருவான தாமஸ் கோல் வீட்டுக்கு நடந்தே போகலாம். நான் நடந்தேன். அக்கா மகன் காரைச் சுற்றிக்கொண்டு வந்தான்.

கோல் இங்கிலாந்தின் லங்காஷயரில், ஆலைப் புகை சூழ்ந்த போல்டனில், 1801இல் பிறந்தவர். துணியில் அச்சுப் பதிக்கும் கட்டைகளைச் செதுக்கிப் பழகிய கை. பதினேழு வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தார். ஆலைகள் ஒரு நிலத்தை என்ன செய்யும் என்று பார்த்துவிட்டு வந்தவர் அவர். உள்ளூர்க்காரர்களுக்கு இன்னும் உறைக்காத ஒன்று அவருக்கு உறைத்ததற்கு அது காரணமாக இருந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. 1825 இலையுதிர் காலத்தில் நீராவிக் கப்பலேறி கேட்ஸ்கில் வந்தார். திரும்பிப் போய் வரைந்த படங்களை நியூயார்க் கடை ஒன்றின் ஜன்னலில் வைத்தார். ட்ரம்புல், டன்லப், டுராண்ட் என்று மூன்று பேர் ஆளுக்கொரு படம் வாங்கினார்கள். படம் 25 டாலர். மூவருமே ஓவியர்கள், அதில் ட்ரம்புல் அப்போதைய கலை உலகின் பெரியவர். அன்றிலிருந்து கோலுக்கு ஏறுமுகம். அதே 1825 அக்டோபரில் ஈரி கால்வாய் திறக்கப்பட்டு, ஹட்சன் ஆறு நாட்டின் வணிகப் பாதையானது. காட்டை வரைய ஆளைக் கொண்டுவந்த கப்பல்களும் காட்டை ஏற்றிக்கொண்டு போன கப்பல்களும் ஒரே ஆற்றில்தான் போய்வந்தன.

கேட்ஸ்கில் ஊரில் அவர் வாழ்ந்த மஞ்சள் நிற வீடு அவருடையதுகூட இல்லை; மனைவி மரியாவின் மாமாவுடையது. 1836இல் கல்யாணம் நடந்ததும் அந்த வீட்டின் கூடத்தில்தான். மேற்குப் பார்த்த வராந்தாவில் நின்றால் மலைத்தொடர் முழுசாகத் தெரிகிறது. இடையில் சாலை, கூரைகள், மின்கம்பிகள். 'பேரரசின் போக்கு' என்ற அவருடைய ஐந்து பட வரிசை முடிந்ததும் 1836இல்தான். ஒரே மலையடிவாரம், காடாக இருந்து, மேய்ச்சல் நிலமாகி, பளிங்கு நகரமாகி, எரிந்து, கடைசியில் ஒற்றைத் தூண் மட்டும் மிஞ்சுகிறது. அதை வரையச் சொல்லிப் பணம் கொடுத்தவர் லூமன் ரீட் என்ற மளிகை மொத்த வியாபாரி. படம் முடிவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். புது ரயில் பாதைக்காக வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் மரங்களை வெட்டுகிறார்கள் என்று அந்த ரீடுக்குத்தான் கோல் கடிதத்தில் திட்டித் தீர்த்தார்.

வெட்டுவதற்கு முன்பிருந்த பள்ளத்தாக்கை அவர் ஒரு படமாக வரைந்தார். ஓடை, ஓங்கிய மரங்கள், குழந்தையோடு ஒரு தாய். சில வருஷம் கழித்து, 1843இல், ஏறக்குறைய அதே இடத்தை மறுபடி வரைந்தார். முன்னால் வெட்டுண்ட அடிமரங்கள், கோடாலியோடு ஒருவன். தூரத்தில் எறும்பளவு ஒரு ரயில், புகை விட்டுக்கொண்டு. கவனிக்காவிட்டால் தெரியாது. இத்தனைக்கும் அந்த ரயில் கம்பெனி அதற்குள் நொடித்துப் போயிருந்தது. ரயில் போய்விட்டது, வெட்டிய மரம் திரும்பவில்லை. இரண்டாவது படம் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் ஆனந்த குமாரசுவாமி முப்பது வருஷம் வேலை பார்த்த அதே இடம்.

மறுநாள் மலை ஏறினோம். கீழிருந்து பார்க்கும்போது ஒரே சுவராக நிற்கும் மலைத்தொடரின் விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து 2,250 அடி உயரத்தில், ஒரு பாறைத் தட்டு. அங்கே 1824இல் ஒரு ஓட்டல் திறந்தார்கள். கேட்ஸ்கில் மவுண்டன் ஹவுஸ். பிற்பாடு அதன் முகப்பில் பதிமூன்று வெள்ளைத் தூண்கள் எழும்பின. விடியற்காலையில் விருந்தாளிகளை எழுப்பி, போர்வையோடு முற்றத்துக்குக் கூட்டி வந்து சூரியோதயம் காட்டுவார்களாம். ஃபெனிமோர் கூப்பர் தன் 1823ஆம் வருஷத்து நாவலிலேயே இந்த விளிம்பிலிருந்து தெரியும் காட்சியைப் பற்றி எழுதிவிட்டார். கோல் வரைந்தார், அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் வரைந்தார்கள். காட்டு இயற்கையின் தரிசனம், கூடவே நல்ல சாப்பாடும் மெத்தையும்.

மலையின் பின்பக்கம் அதே காலத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நடந்தன. ஹெம்லாக் என்னும் மரத்தின் பட்டையில் பதனிடும் சத்து உண்டு. தென்னமெரிக்காவிலிருந்து தோல்களைக் கப்பலில் கொண்டுவந்து, மலைமேல் வண்டியில் ஏற்றி, ஹெம்லாக் மரங்களை வெட்டிப் பட்டையை மட்டும் உரித்துக்கொண்டு கட்டையை அப்படியே அழுக விட்டார்கள். மரம் தீர்ந்ததும் தொழிலும் தீர்ந்தது. ஓட்டல் முற்றத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியாது. ஓட்டல் கிழக்குப் பார்த்தது.

பிறகு சட்டம் வந்தது. 1885இல் மாநில அரசு இந்த மலைகளில் தன்னிடமிருந்த நிலங்களைக் காப்புக்காடு ஆக்கியது. 1894இல் அந்த நிலம் என்றென்றைக்கும் காடாகவே இருக்க வேண்டும் என்று மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். எல்லாம் ஓவியங்களைப் பார்த்து மனம் உருகி என்று சொல்ல மாட்டேன். கால்வாய்க்கும் நகரத்துக்கும் தண்ணீர் வேண்டியிருந்தது. கேட்ஸ்கில் பகுதியில் அல்ஸ்டர் மாவட்டம், மாநிலத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கியைத் தீர்க்க, வரி கட்டாமல் கைக்கு வந்த மொட்டை மலைகளைத் தள்ளிவிட்டது என்பதும் உண்மை. ஆனால் காடு என்றால் காப்பாற்ற வேண்டியது என்று வாக்காளர்களுக்குத் தோன்ற அறுபது எழுபது வருஷத்துப் படங்களும் கதைகளும் பின்னால் இருந்தன. ஓட்டல் இருபதாம் நூற்றாண்டில் நொடிந்தது. 1940களின் தொடக்கத்தில் மூடினார்கள். 1950இல் அடித்த புயலில் தூண்கள் சரிந்தன. கடைசியில் நிலம் அரசுக்குப் போனது. காப்புக்காட்டுக்குள் கட்டடம் இருக்கக் கூடாது. 1963 ஜனவரி 25 விடியற்காலையில் அரசு அலுவலர்களே தீ வைத்து எரித்தார்கள். காட்டு இயற்கையை ஒரு நாட்டுக்கே பழக்கிய வீட்டை, அந்தப் பழக்கத்தில் பிறந்த சட்டம் எரித்துவிட்டது.

இப்போது அங்கே ஒரு தகவல் பலகையும் புல்லும் பாறையும்தான். பாறையில் விருந்தாளிகள் செதுக்கிய பெயர்கள் நிறைய. இப்போதைய கிறுக்கல் மாதிரி இல்லை. உளி வைத்து, எழுத்துக்கு அடியிலும் மேலும் கொம்பு வைத்து, வருஷத்தோடு நிதானமாக வெட்டியிருக்கிறார்கள். சில எழுத்துகளுக்குள் பாசி ஏறியிருக்கிறது. கீழே பள்ளத்தாக்கு, ஆறு ஒரு வெள்ளிக் கம்பியாக. அதற்கப்பால், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், ஒலானா குன்று.

அங்கிருந்து காட்டர்ஸ்கில் அருவி பக்கம்தான். இரண்டு தட்டாக 260 அடி விழும் அருவி. செப்டம்பர் கடைசி. இலைகள் நிறம் மாறத் தொடங்கியிருந்தன. கோடை வறட்சியில் மேலிருந்து ஒரு சின்ன நூல் மாதிரிதான் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"இதுக்கா மாமா இவ்ளோ தூரம் வந்தோம்? நம்ம குற்றாலத்துல சீசன் முடிஞ்சாக்கூட இதைவிட விழும்."

அவனைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்திலும் இதே பிரச்சினைதான். அருவியின் தலைமாட்டில் ஒரு ஓட்டல்காரர் ஓடையைத் தடுத்து அணை கட்டி வைத்திருந்தார். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் காசு கொடுத்தால் மதகைத் திறந்துவிடுவார், அருவி விழும். சொன்னேன். பையன் கொஞ்சம் உற்சாகமானான்.

கோல் முதன்முதலில் இங்கே வந்தபோதே மேலே பார்வை மேடையும் கைப்பிடிக் கம்பிகளும் இருந்தன. 1826இல் அவர் இந்த அருவியை வரைந்தபோது அவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். அதற்குப் பதில் பாறைத் தட்டின்மேல், விரல் நகத்தைவிடச் சின்னதாக, ஒற்றைப் பூர்வகுடி மனிதரை நிற்க வைத்தார். எனக்கு அந்தப் படத்தில் இடறுவது அழித்த மேடை இல்லை, சேர்த்த மனிதர். கூப்பரின் 'மோஹிகன்களில் கடைசி ஆள்' நாவல் வந்ததும் அதே 1826இல்தான். மோஹிகன் மக்கள் அப்போது உயிரோடுதான் இருந்தார்கள். இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து நெருக்கித் தள்ளப்பட்டு, மாசசூசெட்ஸ், நியூயார்க்கின் மேற்கு என்று இடம் மாறி, அந்த வருஷங்களில் விஸ்கான்சினுக்குப் பெயர்ந்துகொண்டிருந்தார்கள். இன்றும் அங்கே ஸ்டாக்பிரிட்ஜ்-மன்சி சமூகமாக இருக்கிறார்கள். ஆட்களை அனுப்பிவிட்டு, அவர்களில் கடைசி ஆளுக்காகக் கண்ணீர் விடுவது ரொமான்டிக் கலையின் வசதியான பழக்கம். நாலு வருஷத்தில், 1830இல், பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு அப்பால் அனுப்பும் சட்டமே வந்தது.

அதே 1826இன் கடைசியில், இந்த மலைக்குத் தெற்கே ஆற்றங்கரைப் பண்ணை ஒன்றிலிருந்து, டச்சு மொழியில் வளர்ந்த ஓர் அடிமைப் பெண் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு விடியலில் நடந்து வெளியேறினார். பின்னாளில் சோஜர்னர் ட்ரூத் என்று நாடறிந்தவர். நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை 1827 ஜூலையில்தான் ஒழிந்தது. சட்டத்துக்குப் புறம்பாகத் தெற்கே விற்கப்பட்ட மகனை அவர் கிங்ஸ்டன் நீதிமன்றத்தில் வழக்காடி மீட்டார். ஹட்சன் பள்ளத்தாக்கின் எந்தப் பெரிய ஓவியத்திலும் இந்த மாதிரி ஒருவர் நடந்து போவதை நான் பார்க்கவில்லை.

படங்களைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: 'ஆண்டிஸின் இதயம்', இரண்டு பள்ளத்தாக்குப் படங்களில் முதலாவது, இரண்டும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். 'பேரரசின் போக்கு' நியூயார்க் வரலாற்றுச் சங்கத்திடம். கோல் இறந்த பிறகு, அவரையும் கவிஞர் பிரையண்டையும் கேட்ஸ்கில் பாறைமேல் நிற்க வைத்து டுராண்ட் 1849இல் வரைந்த படம் நியூயார்க் பொது நூலகத்தில் இருந்தது. நூலகம் 2005இல் அதை விற்றுவிட்டது, இப்போது அர்கான்சாஸில். என் யோசனை, முதலில் மலைக்குப் போங்கள், படங்களைத் திரும்பி வந்து பாருங்கள். எதையெல்லாம் விட்டுவிட்டு வரைந்தார்கள் என்பது அப்போதுதான் தெரியும். ஒலானா குன்றிலும் சாலைகளிலும் நடக்கக் காசில்லை, வீட்டுக்குள் போகத்தான் சீட்டு வேண்டும். காட்டர்ஸ்கில் அருவிக்கு ஏப்ரல், மே மாதத்தில் போனால் பனி உருகித் தண்ணீர் நிறைய இருக்கும். ஆனால் பாறை வழுக்கும். படம் எடுக்க விளிம்புக்குப் போய் விழுந்து செத்தவர்கள் உண்டு. கோல் அழித்த மேடையையும் கைப்பிடியையும் 2016இல் மாநில அரசு திரும்பக் கட்டிவைத்திருக்கிறது. தயவுசெய்து அதைத் தாண்டிப் போகாதீர்கள்.